கருவிலேயே இதயக் குறை தெரிந்தால்: 24 வார வரம்பும் மருத்துவ வாரியமும்

கருவின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்கும் ஐந்தாம் மாத அனாமலி ஸ்கேனில் இதயத்தில் சந்தேகம் என்று எழுதியிருந்தால், உடனே ஃபீட்டல் எக்கோ (கருவின் இதயத்தை மட்டும் விரிவாகப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். 18 முதல் 22 வாரம் அதற்கு ஏற்ற காலம். மறு ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், சட்டம் தரும் நாட்கள்தான் குறையும்.

கருக்கலைப்புச் சட்டத்தின் திருத்தம் 2021 செப்டம்பர் 24 முதல் அமலில் உள்ளது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை இரண்டு டாக்டர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதுவும் விதியில் சொன்ன பிரிவினருக்கு மட்டுமே. கருவில் கடுமையான குறை இருப்பது அவற்றில் ஒன்று. 24 வாரம் தாண்டினால் மாநில அரசு அமைத்த மருத்துவ வாரியம் முடிவு செய்யும். கணிசமான குறை என்று அது உறுதிசெய்தால் வார வரம்பு கிடையாது. கோரிக்கை வந்த 3 நாளுக்குள் வாரியம் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதித்தால், கோரிக்கை வந்த நாளிலிருந்து 5 நாளுக்குள் கருக்கலைப்பு நடக்க வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவர் கையெழுத்தை ஆஸ்பத்திரியில் கேட்டாலும் சட்டம் கேட்கவில்லை. வாரியம் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

விஷயம் சிக்குவது பெரும்பாலும் ரிப்போர்ட்டில்தான். ‘இதயத்தில் ஓட்டை’ என்ற ஒற்றை வரியை வைத்து வாரியம் எதையும் தீர்மானிக்க முடியாது. இரண்டு கீழறைகளும் போதிய அளவில் வளர்ந்துள்ளனவா, வால்வு கசிகிறதா, கருவின் உடம்பில் நீர் கோத்திருக்கிறதா, வேறு உறுப்பில் குறை உண்டா, குரோமோசோம் முடிவு என்ன என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குரோமோசோமைப் பார்க்கும் பனிக்குடநீர்ப் பரிசோதனையின் முழு முடிவு வர 2, 3 வாரம்கூட ஆகும் என்பதால் எக்கோ எடுத்த கையோடு அதையும் கேட்டுவிடுவது நல்லது.

பெயரின் பயங்கரத்தை வைத்துக் குறையை எடைபோடக் கூடாது. கீழறைத் தசைச்சுவரில் உள்ள சிறு ஓட்டை பெரும்பாலும் தானே மூடிவிடும். பெருந்தமனிகள் இடம் மாறியிருப்பது கேட்கவே கலங்க வைக்கும். ஆனால் முதல் சில வாரங்களிலேயே ஆபரேஷன் நடந்தால் பெரும்பாலான குழந்தைகள் நன்றாக வளர்கிறார்கள். இடப்பக்க இதயமே வளராத குறை வேறு கதை: மூன்று கட்ட ஆபரேஷன், அதன் பிறகும் ஒரே கீழறையோடுதான் வாழ்க்கை. எந்தக் குறையானாலும் குரோமோசோம் கோளாறும் சேர்ந்தால் கணிப்பு மாறிவிடும்.

கர்ப்பத்தைத் தொடர்வதென்றால், 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை, பிறவி இதயக் குறைக்கான ஆபரேஷன் உட்பட, செலவை அரசு ஏற்கும். மாவட்ட ஆரம்பநிலைக் குறுக்கீட்டு மையத்தில் பதிய வேண்டும். இத்திட்டத்தின் கண்டறிதல் குழந்தை பிறந்த பிறகே தொடங்குகிறது. டக்டஸ் குழாயை (கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் குழாய்) நம்பி வாழும் குழந்தைக்கோ, அது மூடத் தொடங்கும் முதல் சில நாட்களே ஆபத்தானவை. ஆகவே அந்தக் குழாயை மூடாமல் வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும் குழந்தை இதய அறுவைப் பிரிவும் உள்ள இடத்திலேயே பிரசவம் வையுங்கள். அந்த ஆஸ்பத்திரி அரசுக் காப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று எட்டாம் மாதத்துக்குள் விசாரித்து, குடும்ப அட்டை, ஆதார், எக்கோ ரிப்போர்ட் நகல்களை அங்கேயே கொடுத்து வையுங்கள்.