ஆத்தென்டிகேஷன்: தமிழில் ‘அடையாள உறுதி’

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் கணக்கு எழுதும் நண்பர், ஜிமெயிலைத் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியில் இணைக்கும்போது போன் செய்தார். “‘ஆத்தென்டிகேஷன் மெத்தட்’னு ஒண்ணு கேக்குதுங்க. எதைப் போடறது? தமிழ்ல அதுக்கு என்ன பேரு?” முதல் கேள்விக்கு ‘ஓஆத்2’ என்று சொல்லிவிட்டேன். கடவுச்சொல்லைச் செயலியிடம் கொடுக்காமலே கணக்கை இணைக்கும் முறை அது. இரண்டாவதற்கான பதில்தான் இது.

சொல்லின் வேர் கிரேக்கம். ‘ஆட்டோஸ்’ என்றால் தான். அதிலிருந்து ‘ஆத்தென்டெஸ்’, தன் பொறுப்பில் தானே செய்பவர். உரியவரிடமிருந்தே வந்தது, மெய்யானது என்ற பொருள் அதிலிருந்து கிளைத்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நம் கல்வெட்டுகளின் கடைசியில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று ஒப்பமிட்டிருப்பார்களே, அதே எண்ணம்தான்.

பலர் இதை ‘அங்கீகாரம்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு பள்ளிக்கு அரசு தருவது அங்கீகாரம். நான் யார் என்று காட்டுவது அதற்கு முந்தைய படி. ‘சான்றுறுதி’ அழகான சொல். ஆனால் மின்னஞ்சல் அமைப்பில் பாதுகாப்புச் சான்றிதழ் என்று வேறொன்றும் வருகிறது, இரண்டும் குழம்பும். ‘அடையாள உறுதி’ கேட்டதும் புரிகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ‘ஓஆத்’தில் உள்ள ‘ஆத்’ இந்தச் சொல்லின் சுருக்கமே அல்ல. அது ‘ஆத்தரைசேஷன்’, அதாவது இசைவு. 2012இல் ஓஆத்தின் 2.0 பதிப்பு வெளியானது. தண்டர்பேர்டில் இதைத் தேர்ந்தால் கூகுளின் நுழைவுப் பக்கம் திறக்கும். கடவுச்சொல்லை அங்கே கொடுத்து நம் அடையாளத்தை உறுதி செய்கிறோம். அப்புறம், ‘இந்தச் செயலி என் அஞ்சலைப் பார்க்கலாம்’ என்று இசைவு தருகிறோம். தண்டர்பேர்டுக்குக் கிடைப்பது ஒரு டோக்கன் மட்டுமே. கடவுச்சொல்லை அது சேமித்து வைப்பதில்லை. ஆலை வாசலில் மாங்காய் வண்டிக்கு டோக்கன் வாங்குகிறோம், தோட்டத்துப் பட்டாவையா கொடுத்துவிட்டு வருகிறோம்? மடிக்கணினி தொலைந்தால் கூகுள் கணக்குக்குள் போய் அந்த இசைவை மட்டும் நீக்கிவிடலாம்.

ஓஆத் தெரியாத பழைய செயலி என்றால், இருபடிச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு 16 எழுத்துள்ள தனிக் கடவுச்சொல் ஒன்றை கூகுளிடம் பெறலாம். ‘ஆப் பாஸ்வேர்டு’ என்கிறார்கள். ‘செயலிக் கடவுச்சொல்’ சரியாக இருக்கும். அது அடையாள உறுதி மட்டுமே, இசைவுச் சீட்டு அல்ல.