கதவு பீடிங் தடியா போட்டா ஒழுகுறது நிக்காது, கதவுதான் திறந்துக்கும்

நேத்து என் பட்டறைக்கு ஒரு பழைய பிக்கப் வண்டி வந்துச்சு. டிரைவருக்கு பக்கத்து சீட்டுக் கதவோட உள் கைப்பிடியில நைலான் கயிறு கட்டி, அந்தக் கயிற சீட்டு தலைமாட்டுக் கம்பியில ரெண்டு சுத்து சுத்தி முடிச்சு போட்டு வச்சிருக்காங்க. "லாக் போயிடுச்சுண்ணே, வளைவுல திரும்பும்போது தானா திறந்துக்குது, புது லாக் ஒண்ணு போட்டு விட்டுருங்க"ன்னார் வண்டிக்காரர். அந்த சீட்டுல யாரு உக்காருவாங்கன்னு கேட்டேன், பையன்னு சொன்னார், எட்டு வயசாம். எனக்கு கோவம் தலைக்கேறிடுச்சு, ஆனா வந்தவரத் திட்டி என்ன பண்றது, இந்த மாசத்துல இதே கேஸ் இது நாலாவது.

கதவைத் திறந்து வச்சுக்கிட்டு லாக்குக்குள்ள ஸ்க்ரூடிரைவர விட்டு அழுத்திப் பாத்தேன், டக், டக்னு ரெண்டு சத்தம் சுத்தமா வந்துச்சு, கைப்பிடிய இழுத்ததும் விட்டுருச்சு. லாக்குல ஒரு குறையும் இல்ல. அப்புறம் பீடிங்கை, அதான் தண்ணி வராம கதவைச் சுத்தி ஓடுற ரப்பர் பட்டையைப் பாத்தா விஷயம் புரிஞ்சுபோச்சு, பழைய ரப்பரை எடுக்காம அது மேலயே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு ஸ்பாஞ்ச் ரோல ஒட்டியிருக்காங்க. விரலால அமுக்குனேன், பாத்திரம் விளக்குற பஞ்சு மாதிரி தண்ணி வழியுது. மழை பேஞ்சு மூணு நாளாச்சு.

தயவுசெஞ்சு ஒண்ணப் புரிஞ்சுக்கோங்க. பீடிங் தடியா இருந்தா நல்லா அடைக்கும்ங்குறது தப்பு. வண்டியோட வர்ற பீடிங்க வெட்டிப் பாத்தீங்கன்னா உள்ள வெத்துக் குழாய் மாதிரி இருக்கும், கதவு மூடும்போது அது கொஞ்சம் நசுங்கி, திரும்ப உப்பப் பாக்கும், அந்த உப்புற விசைதான் தண்ணிய நிறுத்துது. அதுக்குன்னு கதவுக்கும் பாடிக்கும் நடுவுல சில மில்லிமீட்டர்தான் இடம் விட்டுருக்காங்க. அந்த இடத்துல நீங்க கட்டைவிரல் தடிமன் ஸ்பாஞ்ச வச்சா என்னாகும்? கீல் பக்கம் முதல்ல முட்டும், ஆப்பு அடிச்ச மாதிரி, லாக் பக்கம் முழுசா உள்ள போகாது. சரின்னு ஓங்கி சாத்துவீங்க. ஓங்கி ஓங்கி சாத்துனா கீல் பின்னும், அது சுத்துற புஷ்ஷுங்குற வளையமும் தேயும், தேஞ்சா கதவு பின்பக்கமா தொங்கும், தொங்குனா மேல் மூலையில சந்து விழும், சந்துல தண்ணி வரும், உடனே "இன்னும் கொஞ்சம் தடியா ஒரு ரோல் ஒட்டுவோம்". இப்படியே போய்க்கிட்டு இருக்குது. நான் எடுத்துப் போட்டதுல ஒரு கதவுல மூணு அடுக்கு இருந்துச்சுன்னா நம்புவீங்களா, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலரு.

லாக்குக்கு ரெண்டு நிலை இருக்குறது எல்லாருக்கும் தெரியும்னுதான் இவ்வளவு நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். முதல் டக் வெறும் தாங்கல், ரெண்டாவது டக் வந்தாத்தான் கதவு மூடுனதா அர்த்தம். தடி ஸ்பாஞ்ச் தள்ளுறதால முதல் டக்கோட நிக்கிற கதவ திறந்த கதவாத்தான் நினைக்கணும். உள்ள லைட் அணைஞ்சுருச்சே, அப்போ மூடிருச்சுன்னுதானே அர்த்தம்னு கேக்குறாங்க. பழைய வண்டில அந்த லைட் சுவிட்ச் கதவு சட்டத்துல இருக்குற ஒரு சின்ன பொத்தான்தான், கதவு பாதி அழுத்துனாலே அணைஞ்சுரும், அதை நம்பாதீங்க.

சரி, தண்ணி வருதுன்னா என்ன பண்ணணும்? முதல்ல பீடிங் மேல பழி போடாதீங்க. என் கைக்கு வர்ற "கதவு ஒழுகுது" வண்டில பாதிக்குப் பாதி பீடிங் குத்தவாளியே இல்ல. கண்ணாடிக்கும் கதவுத் தகட்டுக்கும் நடுவுல மழைத் தண்ணி உள்ள இறங்கத்தான் செய்யும், அது அப்படித்தான், கதவுக்கு அடியில இருக்குற ஓட்டை வழியா வெளிய போயிரணும். அந்த ஓட்டை மண்ணு அடைச்சுக்கிட்டா கதவு வயித்துல தண்ணி நிக்கும், சாத்தும்போது சலக் சலக்னு சத்தம் கேக்கும். ஒரு மகராசன் "இங்கேருந்துதான் ஒழுகுது"ன்னு அந்த ஓட்டையில சிலிக்கான் வச்சு அடைச்சுட்டு வந்தார், கதவோட அடித்தகடு சல்லடையா போயிருந்துச்சு. அதுபோக கதவு பேடுக்கு, அதான் உள்பக்க அட்டை மூடிக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் இருக்கும், ஸ்பீக்கர் மாத்துறவங்க அதைக் கிழிச்சுட்டு அப்படியே மூடிருவாங்க, அப்புறம் தண்ணி நேரா கால் மிதிக்கிற இடத்துக்கு. முன்கண்ணாடி ரப்பர், கண்ணாடிக்குக் கீழ இலை அடைக்கிற காத்து ஜாலி, கூரைக்குப் பின்னால இருக்குற பிரேக் லைட், ஏசி தண்ணி போற குழாய், இதெல்லாம் பாத்தாச்சான்னு கேட்டா யாரும் பாத்திருக்க மாட்டாங்க.

டெஸ்ட் ரொம்ப சுலபம். ஒருத்தர் உள்ள டார்ச்சோட உக்காரணும், இன்னொருத்தர் வெளியில ஹோஸ்ல மெதுவா, கீழேருந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல போகணும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கொண்டு பீய்ச்சாதீங்க, அந்த அழுத்தத்துக்கு நல்ல பீடிங்கும் ஒழுகத்தான் செய்யும். காஞ்ச கதவா இருந்தா ஒரு பேப்பர் துண்ட வச்சு மூடி இழுத்துப் பாருங்க, லேசா பிடிச்சுக்கிட்டு வரணும், வழுக்கிக்கிட்டு வந்தா அங்க சந்து இருக்கு. பீடிங் மேல சாக்பீஸ் தேச்சு மூடித் திறந்தா எங்க படுது எங்க படலன்னு தகட்டுலயே கோடு விழுந்திருக்கும்.

அடுத்து கதவ பாதி திறந்து வச்சு, பின்முனையப் பிடிச்சு தூக்குங்க. மேலயும் கீழயும் ஆடுதா? அப்போ கீல் வேலைதான் முதல்ல. ரப்பர் அப்புறம். கதவோட எடைய சாதாரணமா நினைக்காதீங்க, அடியில ஜாக்கியும் கட்டையும் வச்சு ரெண்டு பேரா பண்ணுங்க, ஒத்தை ஆளா பின்ன தட்டி எடுத்து காலுல போட்டுக்கிட்டவங்கள எனக்குத் தெரியும். சட்டத்துல இருக்குற லாக் கொக்கிய கடைசியாத்தான் தொடணும், அதுவும் அது முன்ன இருந்த இடத்த மார்க்கர்ல வரைஞ்சு வச்சுட்டு.

இதெல்லாம் சரியா இருந்து ரப்பர்தான் கருவாடு மாதிரி விறைச்சு வெடிச்சுப் போயிருக்குன்னா, தாராளமா மாத்துங்க. அந்த மாடலுக்குன்னு வர்ற பீடிங்கா வாங்குங்க. மூலையில வளைச்சு வார்த்தது வரும், அது அந்த மூலைக்கு மட்டும்தான். பழைய ரப்பர கழட்டி உடனே தூக்கிப் போட்டுறாதீங்க, புதுசோட பக்கத்துல வச்சு உருவம், உயரம், கிளிப் இருக்குற இடம் எல்லாம் ஒண்ணான்னு பாத்துக்கோங்க. பழைய பசைய பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க, கத்தியும் தின்னரும் பெயிண்ட்டைக் கொன்னுரும். துரு இருந்தா தேச்சு, பிரைமர் அடிச்சு, பெயிண்ட் அடிச்சு, நல்லா காஞ்சப்புறம்தான் ஒட்டணும். துரு மேல எந்தப் பசையும் நிக்காது, இது நான் சொல்லித் தெரிய வேண்டியது இல்ல.

பசை போட்டு ஒட்டுற வகை பீடிங்னா ரெண்டு பக்கமும் பசைய மெல்லிசா தடவி, விரல் வச்சா பிசுபிசுன்னு இருந்தாலும் பசை விரல்ல ஒட்டிக்கிட்டு வராத மாதிரி ஆகுற வரைக்கும் காத்திருங்க, அவசரப்படுறவங்களுக்குத்தான் ஒரு வாரத்துல உரிஞ்சு வருது. காத்தோட்டமா இருக்குற இடத்துல செய்ங்க, பக்கத்துல பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம். பீடிங்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், அதை பசையால அடைச்சுறாதீங்க, நசுங்கும்போது காத்து வெளிய போகத்தான் அது. மூலையில ஆரம்பிங்க, இழுத்து ஒட்டாதீங்க. இழுத்து ஒட்டுனது சுருங்கி ரெண்டே மாசத்துல மூலைய விட்டு எழும்பிரும், சேருற ஜாயிண்ட் கீழ்ப்பக்கம் வரட்டும், வெட்டும்போது ஒரு விரக்கடை அதிகமா வெட்டி நெருக்கி சொருகுங்க. புதுசுல கதவு கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும், ராத்திரி பூரா மூடியே வச்சா சில நாள்ல படிஞ்சுரும். ஆனா முதல் நாளே ரெண்டாவது டக் வந்தாகணும். வரலன்னா வண்டிய வெளிய எடுக்காதீங்க.

இன்னொண்ணு, ரப்பர் காயாம இருக்கட்டும்னு இன்ஜின் ஆயில், கிரீஸ் எல்லாம் தடவுறாங்களே, சாமி! இந்த ரப்பர் பெரும்பாலும் இ.பி.டி.எம்.ங்குற செயற்கை ரப்பர் வகை, பெட்ரோலிய எண்ணெய் பட்டா ஊறி உப்பிப் போயிரும். சிலிக்கான் கிரீஸ் லேசா தடவுங்க, போதும். சிலிக்கான் கிரீஸ் வேற, டியூப்ல வர்ற சிலிக்கான் பசை வேற, புளிச்ச வாடை அடிக்கிற அந்தப் பசைய தகட்டுல வச்சா துருவக் கூப்பிட்டு உக்கார வச்ச மாதிரி, அப்புறம் அந்த இடத்துல பெயிண்ட்டும் பிடிக்காது.

சைலன்சர்ல ஓட்டை இருக்குற பழைய வண்டியா இருந்தா பீடிங் சந்து வழியா தண்ணி மட்டும் வராது, புகையும் வரும். அதுல இருக்குற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கெடையாது வாசனையும் கெடையாது. வண்டி ஓட்டும்போது மட்டும் தலைவலி வருதுன்னா முதல்ல சைலன்சர பாருங்க.

நேத்து வந்த வண்டில ஸ்பாஞ்ச உரிச்சு, கீல் புஷ் ரெண்டையும் மாத்தி, அந்த மாடல் பீடிங்கையே போட்டு விட்டேன். லாக் பழைய லாக்கேதான். சாயங்காலம் வந்தவர் ஒரு விரலால கதவ தள்ளுனார், டக், டக். ரெண்டு தடவ திறந்து மூடிப் பாத்தார். அப்புறம் வண்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "அந்தக் கயிறு எங்கண்ணே, வீட்டுல துணி காயப்போட ஆகும்"னு கேட்டு வாங்கிட்டுப் போனார்.