ஜெராக்ஸில் தொலைந்த நாலே முக்கால் சென்ட்

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வயலை அளக்கப் போயிருந்தேன். வயல்காரர் கையில் புலப்பட (வயலின் எல்லைகளை வரைந்த நில அளவைப் படம்) ஜெராக்ஸும் பள்ளிக்கூட ஸ்கேலுமாக வரப்பில் நின்றார். "பட்டாவில பத்து ஏர்ஸ், அதாவது இருபத்தஞ்சு சென்ட்டு கிட்ட. படத்துல அளந்தா இருபதுதான் வருது. பக்கத்து வயக்காரன் வரப்பைத் தள்ளிட்டான் தம்பி."

படத்தை வாங்கிப் பார்த்தேன். அளவு 1:1000, அதாவது படத்தில் 1 செ.மீ. என்றால் தரையில் 10 மீட்டர். தெற்கு வரப்புக் கோட்டின் மேல் 40.0 என்று எழுதியிருந்தது. ஸ்கேலை வைத்தால் 3.6 செ.மீ.தான். தாளுக்குள் அடங்கட்டும் என்று பிரிண்ட் எடுத்தவர் 90 சதவீதமாகச் சுருக்கிவிட்டார்.

பத்து சதவீதம்தானே என்று நினைக்காதீர்கள். சுருங்கியது நீளமும்தான், அகலமும்தான். 40க்கு 25 மீட்டர் வயல் 36க்கு 22.5 ஆகத் தெரியும். 1000 சதுர மீட்டர் 810 ஆகிவிடும். 24.7 சென்ட் 20 ஆனது இப்படித்தான். கோணம் மட்டும் மாறாது, அதனால் கண்ணுக்குச் சந்தேகமே வராது.

வாட்ஸப்பில் வந்த படத்தை இழுத்துப் பொருத்துவது இதைவிட மோசம். அகலவாக்கில் 1.1 மடங்கு, உயரவாக்கில் 0.9 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 0.99 மடங்கு, கிட்டத்தட்ட சரி. ஆனால் 45 பாகையில் சாய்ந்த வரப்பு 39 பாகைக்குப் படுத்துவிடும். பரப்பு ஒத்துப்போகிறதே என்று நம்பிக் கல் ஊன்றினால் அப்புறம் வம்புதான்.

இடம் நகர்த்துவதும் சுழற்றுவதும் இப்படி ஏமாற்றாது. டோட்டல் ஸ்டேஷனில் (கோணமும் தூரமும் அளக்கும் கருவி) தொடக்கப் புள்ளியை (0, 0) என்று வைக்காமல் (1000, 1000) என்று வைப்போம், எல்லா மூலையிலும் ஆயிரம் ஆயிரம் கூடும், அவ்வளவுதான். வடக்கு தெரியாமல் 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்பினால் (x, y) என்பது (-y, x) ஆகும். நீளம், கோணம், பரப்பு எதுவும் அசையாது. திசையை மட்டும் திருத்தினால் போதும்.

நான் பயப்படுவது பிரதிபலிப்புக்குத்தான். டிரேசிங் தாளைப் பின்பக்கமாகப் புரட்டி நகலெடுத்தால் (x, y) என்பது (-x, y) ஆகிவிடும். அளவெல்லாம் அச்சு அசலாக இருக்கும், ஆனால் தென்மேற்கு மூலையில் இருந்த வாமடை (வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்) தென்கிழக்குக்குப் போய்விடும். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வாமடை இடம் மாறினால் சும்மா விடுவார்களா? ஒரு சின்ன சோதனை உண்டு. மூலைகளை அதே வரிசையில் வைத்து ஆயத்தொலைவுகளால் பரப்பு கணக்கிட்டால், புரண்ட படத்துக்குக் குறி மாறி வரும். எங்களில் பலர் மைனஸை அழித்துவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வோம். நானும் செய்திருக்கிறேன்.

ஆகவே படத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள், கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். பழைய படமென்றால் அது மீட்டரா, பழைய சங்கிலி அளவான லிங்க்ஸா என்றும் பாருங்கள். ஒரு லிங்க் சுமார் 20 செ.மீ.தான்.

அன்று டேப் பிடித்தோம். தெற்கு வரப்பு 40 மீட்டர், விரற்கடை குறையவில்லை. அண்ணாச்சி பக்கத்து வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப ஜெராக்ஸ்காரன்ட்டதான் கேக்கணும்."