மாத்திரைச் சீட்டில் நடைக்கும் ஒரு வரி

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் "தினமும் நடங்க" என்று சொல்லாத டாக்டர் இல்லை. சரி என்று தலையாட்டாத நோயாளியும் இல்லை. அடுத்த மாதம் கேட்டால், "எங்கங்க நேரம்?" இதை அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. எப்போது, எங்கே, யாரோடு நடப்பது என்று அவர்களிடம் நாம் கேட்பதே இல்லை.

2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் வயது வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்கிறது. ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57. ஏன் இந்த வித்தியாசம் என்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தால் தெரியும்.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா சொன்னார்: "வீட்டு வேலையிலயே உசுரு போவுது டாக்டரம்மா, இதுல தனியா வேற நடக்கணுமா?" நியாயமான கேள்வி. மூச்சு வாங்க வைக்கிற வீட்டு வேலையும் கணக்கில் சேரும்தான். ஆனால் அவருடைய வேலையில் பாதி, அடுப்படியில் நின்றபடியே நடப்பது. விடியற்காலையில் தண்ணீர் பிடிக்கணும், பேரனைப் பள்ளிக்கு அனுப்பணும். சாயங்காலம் தெருவில் நாய்த் தொல்லை. சும்மா நடந்தால் ஊர் ஒரு மாதிரி பேசும். கடைசியில் அவரே யோசித்து, ராத்திரி சாப்பிட்டதும் மருமகளோடு கோயில் வரை போய் வரலாம் என்றார். அதை அப்படியே அவருடைய நோட்டில் மாத்திரைகளுக்குக் கீழே எழுதினேன்: இரவு சாப்பாட்டுக்குப் பின், மருமகளோடு, கோயில் வரை, 10 நிமிடம்.

பத்து நிமிடம் அற்பமில்லை. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, வேலை செய்யும் தசை இழுத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது கேட்கிறது. அதைத் துண்டு துண்டாகச் சேர்த்தாலும் போதும். பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம்.

நியூசிலாந்தில் 1998 முதலே டாக்டர்கள் இப்படி எழுதிக் கொடுக்கிறார்கள். அப்புறம் ஒருவர் தொடர்புகொண்டு, எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். அந்த விசாரிப்புதான் முக்கியம். நம்மிடம் அதற்கு ஆள் இருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களே மாத்திரையோடு வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். "இந்த வாரம் நடந்தீங்களாக்கா?" என்று அதே தெருக்காரர் கேட்டால், நான் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சிலர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நீண்ட தூரம் நடக்க வேண்டாம். சர்க்கரை சட்டென்று இறங்கினால் சாப்பிட, கையில் இனிப்பு இருக்கட்டும். கால் மரத்துப் போகிறவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை வந்திருக்கிறது, நல்லது. கிராமத்துப் பெண்களுக்கு அதைவிட அவசரம், எரிகிற தெருவிளக்கு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு நாலு பெண்களாகச் சேர்ந்து போய், எந்தத் தெரு, எந்தக் கம்பம் என்று எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.