12 வோல்ட் என்பது பேருக்குத்தான்

போன ஜூலையில் கனடாவின் ஸ்கார்பரோவிலிருந்து யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் தன் ட்ரெய்லரை, அதாவது படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டியை, இழுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். பழைய வண்டி, இரண்டு கை மாறி அவரிடம் வந்தது. பிக்கப்பிலிருந்து இறங்கியதும் முதலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை என் கையில் கொடுத்தார். உள்ளே பதினோரு எல்இடி பல்பு.

"தம்பி, மாத்தி ஒரு மாதம்கூட ஆகேல்லை. அரைவாசி போயிட்டுது. பெட்டியில 12 வோல்ட் எண்டு போட்டிருக்கு. வண்டியும் 12 வோல்ட்தானே?"

கேள்வி நியாயமானது. ஒரு பல்பைப் பிரித்தேன். பச்சை நிறச் சின்ன போர்டு, அதில் வரிசைக்கு மூன்று எல்இடி, வரிசை முடிவில் கரண்டை மட்டுப்படுத்தக் கடுகு அளவில் ஒரு ரெசிஸ்டர். அந்த ரெசிஸ்டரைச் சுற்றி மட்டும் போர்டு பழுப்பேறி, அடுப்பில் விட்ட அப்பளம் மாதிரி இருந்தது. ட்ரெய்லரைப் பட்டறைக் கரண்டில் செருகிச் சிறிது நேரம் விட்டு, காலியாக இருந்த ஒரு விளக்கு ஹோல்டரில் மீட்டரை வைத்தேன். 14.3 காட்டியது.

ஆர்.வி.க்குள் எரியும் விளக்குகள் பேட்டரியின் 12 வோல்ட்டில் ஓடுபவை. ஆனால் அந்த 12 ஒரு பேர், அவ்வளவுதான். கேம்ப் கிரவுண்டில் கம்பத்திலிருந்து 120 வோல்ட் கரண்டை இழுத்துச் செருகியதும், வண்டிக்குள் இருக்கும் கன்வெர்ட்டர் அதைக் குறைத்து விளக்குக்கும் கொடுக்கும், பேட்டரிக்கும் ஏற்றும். பேட்டரி நிறைந்திருந்தால் 13.2, சாதாரணமாக 13.6, காலியாக இருந்தால் 14.4 வரை போகும். பேட்டரியில் மட்டும் ஓடும்போது இரவு இறங்க இறங்க 12-க்குக் கீழே வரும். ஹீட்டர் மின்விசிறி கிளம்பும் அந்த நொடியில் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

இப்போது அந்தக் கடுகு ரெசிஸ்டரின் கதையைப் பாருங்கள். ஒரு வெள்ளை எல்இடி சுமார் 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கு 9.6. சரியாக 12 வோல்ட் வந்தால் மிச்சம் 2.4 ரெசிஸ்டர் தலையில். 14.4 வந்தால் மிச்சம் 4.8. எல்இடி தன் பங்கை அதிகம் கூட்டிக்கொள்ளாது. வந்த உபரி முழுக்க ரெசிஸ்டரிடம் போகிறது. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு ஏறியதற்கு, கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பு, ரெசிஸ்டரின் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு. பழைய இழை பல்பும் அதிக வோல்டேஜில் சீக்கிரம் போகும்தான், ஆனால் இந்த மலிவு எல்இடி அளவுக்கு அவசரப்படாது. அண்ணையின் வண்டியில் பேட்டரியும் வயதானது. நிறையவே நிறையாது என்பதால் கன்வெர்ட்டர் நாள் முழுக்க மேல் வோல்டேஜிலேயே நின்றிருக்கிறது.

ஆகவே பல்பு வாங்கும்போது விலைக்கு முன்னால் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெறும் 12 என்று இருந்தால் வேண்டாம். 10 முதல் 30 வோல்ட் என்கிற மாதிரி ஒரு எல்லை போட்டிருந்தால், உள்ளே ரெசிஸ்டருக்குப் பதில் கரண்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் வெளிச்சம் மாறாது. விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும். கொடுங்கள்.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. முழு நேரமும் கம்பத்தில் செருகியே முகாமிடுபவர்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் அல்கோன்குவின் பூங்காவில் மின் இணைப்பு இல்லாத இடத்தில் செப்டம்பர் மாதம் இரண்டு இரவு தங்கிப் பாருங்கள். பழைய வண்டிகளில் அதிகம் இருப்பது 1141 எண் பல்பு, அல்லது செருகு வகையில் 921. ஒன்று 1.4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சுமார் 18 வாட். கூரையில் உள்ள விளக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு பல்பு. நான்கு விளக்கைப் போட்டால் பதினொன்றரை ஆம்பியர். மாலை நான்கு மணி நேரத்துக்கு 46 ஆம்பியர்-அவர். வண்டியோடு வரும் சாதாரண பேட்டரியின் கொள்ளளவு சுமார் 80 ஆம்பியர்-அவர். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், நமக்குக் கைக்கு வருவது 40. அதாவது சீட்டாடி முடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிட்டது, ஹீட்டருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. கேஸ் ஹீட்டர்தானே என்று சொல்வார்கள். கேஸ்தான், ஆனால் அதன் மின்விசிறி 7 ஆம்பியர் கேட்கும். விடிகாலை மூன்று மணிக்குக் குழந்தைகள் நடுங்கி எழுவது பெரும்பாலும் இதனால்தான்.

அதே எட்டு பல்பையும் எல்இடியாக மாற்றினால் ஒன்றுக்கு 0.2 ஆம்பியர், நான்கு மணி நேரத்துக்கு ஆறரை ஆம்பியர்-அவர் கூட ஆகாது. மிச்சம் ஹீட்டருக்கு. சோலார் பலகை, இரண்டாவது பேட்டரி என்று என்னிடம் விலை கேட்பவர்களை நான் முதலில் பல்பு மாற்றச் சொல்லி அனுப்புவது இதற்குத்தான். எனக்கு வியாபாரம் குறைகிறது, பரவாயில்லை.

சூடும் ஒரு காரணம். 1141 போட வேண்டிய இடத்தில், வெளிச்சம் போதவில்லை என்று அதே ஹோல்டரில் பொருந்தும் 1156-ஐப் போட்டுவிடுவார்கள். அது 27 வாட். இரண்டு சேர்ந்தால் பிளாஸ்டிக் மூடி மஞ்சளாகி, பிறகு நடுவில் குழிந்து தொங்கும். அப்படி ஒரு மூடியைப் பட்டறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்ட.

மாற்றும் வேலை கஷ்டமில்லை. கம்பத்துக் கரண்டைப் பிடுங்குங்கள், பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள், அப்புறம் கை வையுங்கள். பல்பை மட்டும் மாற்றுவதற்கு இவ்வளவு வேண்டுமா என்றால், வண்டிக்குள் இரண்டு விதமான வயரிங் ஓடுகிறது. 120 வோல்ட் பக்கத்தில் கறுப்பு வயரில் உயிர் இருக்கும், 12 வோல்ட் பக்கத்தில் வெள்ளை பெரும்பாலும் நெகடிவ், கறுப்பு பாசிட்டிவ். மூடியைக் கழற்றி வயரைப் பார்த்து இது எது என்று ஊகிக்கும் வேலை வேண்டாம்.

புது பல்பு எரியவில்லையா? குப்பையில் போடாதீர்கள். இழை பல்புக்குத் திசை கிடையாது, எல்இடிக்கு உண்டு. செருகு வகையாக இருந்தால் பிடுங்கித் திருப்பிச் செருகுங்கள், பத்தில் எட்டு தடவை எரிந்துவிடும். பித்தளை அடியை அழுத்தித் திருகும் வகையைத் திருப்ப முடியாது. அதுவும் எரியவில்லை என்றால் அந்த விளக்கின் இரண்டு வயரும் எப்போதோ யாரோ மாற்றிக் கொடுத்தவை. ட்யூப் லைட் உள்ள வண்டி என்றால் கதை வேறு: அதற்குள் இருக்கும் பாலாஸ்ட் 12 வோல்ட்டை உயர்ந்த வோல்டேஜாக மாற்றிக் கொடுக்கிறது. அதைக் கழற்றி ஒதுக்காமல் எல்இடி பட்டையைக் கோர்க்கக் கூடாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் 6000 கெல்வின் என்று இருந்தால் நீலம் பாய்ந்த வெள்ளை. ஒரு குடும்பம் வண்டி முழுக்க அதைப் போட்டுவிட்டு, "ஆஸ்பத்திரி வார்டுல படுத்த மாதிரி இருக்கு" என்று வீட்டம்மா சொன்னதால் மறுவாரமே திரும்பி வந்தது. படுக்கைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் 3000 கெல்வின் பக்கம் வாங்குங்கள். குளிர் வெள்ளை சாமான் அறைக்கு நன்றாக இருக்கும். இன்னொன்று, மலிவு டிரைவர் உள்ள பல்புகள் எஃப்.எம். ரேடியோவிலும் ஆன்டெனா டிவியிலும் இரைச்சல் கிளப்பும். விளக்கை அணைத்ததும் பாட்டு தெளிவானால் குற்றவாளி ஆன்டெனா இல்லை.

இதுவரை உள்ளே. வெளி விளக்குகளில் நான் இவ்வளவு தாராளமாகப் பேச மாட்டேன்.

பின்னால் வருபவன் உயிர் அந்த விளக்கில் இருக்கிறது. பிரேக் விளக்கின் கண்ணாடியும் பிரதிபலிப்பானும், இழை எந்த இடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டுச் செய்தவை. அங்கே வேறு திசைகளில் ஒளி வீசும் எல்இடியைச் செருகினால், கிட்டே நின்று பார்க்கும்போது பிரமாதமாக இருக்கும், ஐம்பது அடி தள்ளிப் போனால் மங்கும். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி என்றால் இன்னும் மோசம். அதில் சிவப்பு குறைவு, கண்ணாடி மிச்சத்தைத் தடுத்துவிடும். மோட்டார் ஹோம், அதாவது இன்ஜினோடு வரும் ஆர்.வி., அதன் ஹெட்லைட்டில் இதையே செய்தால் எதிரே வருபவனுக்குக் கண் கூசும். கனடாவிலும் அமெரிக்காவிலும் வாகன விளக்குக்கான பாதுகாப்பு விதியின் எண் 108. அது விளக்கை முழு அமைப்பாகப் பார்க்கிறது, பல்பைத் தனியாக அல்ல. அதனால் வெளியே மாற்றுவதென்றால் பல்பை விட்டுவிட்டு, கண்ணாடியோடு சீல் செய்து வரும் எல்இடி விளக்கையே, அந்த விதிக்கான தரக்குறி பொறித்ததாக, முழுசாக வாங்கிப் போடுங்கள்.

இண்டிகேட்டரில் இன்னொரு தொல்லை. எல்இடி கரண்ட் குறைவாக இழுப்பதால், பல்பு போய்விட்டது என்று நினைத்து இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடிக்கும். சில புதிய பிக்கப்புகள் ட்ரெய்லரே கழன்றுவிட்டது என்று டாஷ்போர்டில் எச்சரிக்கை போடும். இதற்கு 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைக்கச் சொல்லி வீடியோக்கள் நிறைய. விளக்கு எரியும் நேரத்தில் அந்த ரெசிஸ்டர் 24 வாட்டுக்கு மேல் சூடாகும். இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதால் சமாளிக்கும், பிரேக்கில் போட்டால் சமாளிக்காது. ஒரு ட்ரெய்லரின் பின் விளக்கைக் கழற்றியபோது, உள்ளே மெல்லிய பிளைவுட்டில் அந்த ரெசிஸ்டர் ஸ்க்ரூ போட்டு முடுக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் கை அகலத்துக்குக் கரி. மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ அதை ஒருபோதும் பொருத்தாதீர்கள், உலோகத்தில் மட்டும். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் ஃபிளாஷரை எல்இடிக்கு உகந்ததாக மாற்ற முடிந்தால் அதுவே மேல்.

அண்ணையின் வண்டிக்கு உள்ளே பதினெட்டு பல்பும் மாற்றினேன், டிரைவர் உள்ளவை. முதலில் பேட்டரியில் ஹீட்டரோடு, பிறகு கம்பத்துக் கரண்டில், இரண்டிலும் அரை மணி நேரம் எரியவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மாலையில் அவரே அழைத்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு தம்பி. அடுப்புக்கு மேல இருக்கிறது மட்டும் கொதிக்குது."

"அடுப்பு எரியுதோ அண்ணை?"

"ஓம், தேத்தண்ணி வைக்கிறன்."

அந்த ஒன்றில் மட்டும் பழைய இழை பல்பையே திரும்பப் போடச் சொன்னேன். ஆவியும் சூடும் ஏறும் இடத்தில் எல்இடி நிற்காது.