அந்தப் பெட்டியை முதலில் பிடுங்குங்கள்

போன வாரம் கொல்லிமலையில் ஒரு ஊர். 700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 5ஜி போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. "புள்ளி நாலும் நிக்குது, பேசினா கட் ஆகுது" என்று ஊரே புகார். 70 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், டவர் ஆன்டெனாவுக்குப் போகும் ஜம்பர் கேபிளை மாற்றி, கனெக்டரைப் பிரித்துத் துடைத்து, டவரில் ஆளை ஏற்றி இறக்கி, இரண்டு நாள் வீண். மூன்றாம் நாள், டவரைக் குழப்பும் ரேடியோ இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடி, கையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தோம். ஒரு மளிகைக் கடை மாடியில் பழைய டிவி ஆன்டெனா மாதிரி ஒன்று. கீழே, காலண்டருக்குப் பின்னால் நீலப் பெட்டி, தொட்டால் சுட்டது. ஆன்லைனில் வாங்கிய சிக்னல் பூஸ்டர், அதாவது போன் சிக்னலைப் பெருக்கும் கருவி. பிளக்கைப் பிடுங்கினோம், டவரில் இரைச்சல் அடங்கிவிட்டது. இந்த வருடம் எனக்கு இது ஆறாவது பெட்டி.

"சார், நாங்க சிக்னலை இழுக்கத்தானே செய்றோம், யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் கடைக்காரர்.

இந்த 'இழுக்கிறது' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலவா இது? நீங்கள் பேசுவதும் டவருக்குப் போய்ச் சேர வேண்டாமா? போனில் தெரியும் புள்ளிகள், டவர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. போனின் சக்தி அதிகபட்சம் 200 மில்லிவாட் அளவுதான். அந்த முணுமுணுப்பைக் கேட்கத்தான் டவர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. பூஸ்டரோ ராத்திரி பகலாக அந்தக் காதில் இரைச்சலைக் கொட்டுகிறது. மாடி ஆன்டெனாவும் வீட்டுக்குள் இருப்பதும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துவிட்டால் போச்சு. திருவிழா மைக்கை ஸ்பீக்கர் முன்னால் பிடித்தால் 'ஊய்ய்' என்று கத்துமே, அதே கதைதான். மைனஸ் 115 டிபிஎம் (சிக்னல் சக்தியை அளக்கும் அலகு, 10 ஏறினால் பத்து மடங்கு) பக்கம் இருக்க வேண்டிய இரைச்சல் அன்று மைனஸ் 90. கணக்குப் போட்டால் 300 மடங்குக்கு மேல்.

மலையில் இது இன்னும் மோசம். 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி ஒரு மேடு குறுக்கே வந்தால் நின்றுவிடும். 700 தூரம் போகும் என்பதால் ஒரே டவரை நம்பி ஐந்தாறு குக்கிராமங்கள் இருக்கின்றன. கடைத்தெருவில் ஒருவர் பெட்டி மாட்டினால் முதலில் அறுந்துபோவது கடைசிக் குக்கிராமம். 108-க்குக் கூப்பிட அங்கே வேறு வழி கிடையாது.

ஆன்லைனில் விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். உரிமம் இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பது 1933-லிருந்தே குற்றம். 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி கேட்கிறது.

வீட்டுக்குள் சிக்னல் இல்லையா? ஃபைபர் இணைப்பு இருந்தால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கைப் போடுங்கள், அழைப்பு டவருக்குப் பதில் வைஃபை வழியே போகும். பாதிப் பேர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. இல்லையென்றால் சிம் போடும் 5ஜி ரௌட்டரை டவர் தெரியும் ஜன்னலில் வையுங்கள், அது முறையான கருவி. அதுவும் முடியாவிட்டால் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள், ஊர்க்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து. ரிப்பீட்டர் (கம்பெனியே முறையாக வைக்கும் பூஸ்டர்) தேவையென்றால் அவர்கள் அளந்து வைப்பார்கள். அது வரை தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார், பெட்டியைச் சாக்கில் சுற்றினார். ஜீப்பில் ஏறும்போது மெதுவாகக் கேட்டார்: "மச்சான் தோட்டத்துல டவரே எடுக்காது சார். அங்கன மாட்டிக்கலாமா?"