டிஸ்க் புதிது, நடுக்கம் பழையது

என் தாய்மாமா பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறார். 2012-இல் வாங்கிய பிக்கப் வண்டிதான் அவருடைய பிழைப்பு. விடியற்காலையில் ஒசூர்ப் பக்கத்திலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை ஏற்றி வருவார். வாரத்தில் இரண்டு நாள் சேலத்துக்குச் சரக்கு. சேலம் போக வேண்டுமானால் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர்க் கணவாயில் இறங்கியாக வேண்டும். அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் நடுங்குகிறது என்று சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் வண்டியை விட்டார். முன்சக்கரம் இரண்டுக்கும் புது டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), புது பேட் (அந்தத் தட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) போட்டுக் கொடுத்தார்கள். நடுக்கம் போன இடம் தெரியவில்லை. மூன்றே மாதம், பழையபடி திரும்பி வந்துவிட்டது.

"புது டிஸ்க்கும் வளைந்துவிட்டதாம். சரக்கு சரியில்லை என்கிறார்கள், மாப்பிள்ளை" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. பீன்யாவில் ஒரு டூல்ரூமில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளப்பதே என் அன்றாட வேலை. வளைந்த டிஸ்க் என்றால் முதல் நாளே நடுங்கியிருக்க வேண்டுமே என்று அப்போது நினைத்தேன். மூன்று மாதம் ஏன் காத்திருந்தது? அந்த மூன்று மாத இடைவெளியில்தான் விடை இருக்கிறது என்று பட்டது.

அதற்கு முன் பிரேக் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். ஓடுகிற வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. அதை அழிக்க முடியாது, வேறொன்றாக மாற்றத்தான் முடியும். பிரேக் அதைச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. சரக்கோடு 2500 கிலோ எடையுள்ள பிக்கப் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 347 கிலோஜூல். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க 314 கிலோஜூல் போதும். சிக்னலில் ஒருமுறை வண்டியை நிறுத்தும்போது ஒரு சொம்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூட்டைச் சக்கரங்கள் சில நொடிகளில் வாங்கிக்கொள்கின்றன. வேகம் 80 ஆனால் அது 617 கிலோஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்குச் சூடு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது. வேகத்தின் வர்க்கத்தோடு ஆற்றல் வளர்வதன் விளைவு அது. சில்க் போர்டு நெரிசலில் 20-இல் ஊர்ந்து நிறுத்தினால் 60-இல் நிறுத்துவதில் ஒன்பதில் ஒரு பங்குதான் சூடு. பெங்களூருக்குள் ஓடும்வரை இந்த வண்டியின் பிரேக்குக்குச் சோதனையே இல்லை.

பிரேக் போட்டதும் பஸ்ஸில் நிற்பவர்கள் முன்னால் சாய்வதுபோல வண்டியின் பாரமும் முன்னச்சின்மேல் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு, 70 சதவீதம் என்று கொள்ளலாம், முன்சக்கரங்களுடையது. பின்னால் டிரம்மும் லைனிங்கும் போதுமென்று விட்டுவிட்டு முன்னால் மட்டும் டிஸ்க் வைத்திருப்பது அதனால்தான். டிஸ்க் ஒன்று 8 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு என்றால், 60-இலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அதன் வெப்பம் 33 டிகிரி அளவுக்கு உயரும். அடுத்த சிக்னலுக்குள் காற்று அதை ஆற்றிவிடும். டிஸ்கின் இரண்டு முகங்களுக்கு நடுவே தடுப்புத் தடுப்பாக இடைவெளி விட்டு வார்த்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரம் சுற்றும்போது டிஸ்கே மின்விசிறியாகி, நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளுகிறது.

கணவாயில் கதை வேறு. 100 மீட்டர் உயரம் இறங்கினாலே 2450 கிலோஜூல். எஞ்சின் தடுக்காமல், காற்றும் ஆற்றாமல், பிரேக்கே அத்தனையையும் சுமந்தால் ஒவ்வொரு முன் டிஸ்கும் 230 டிகிரிக்கு மேல் சூடேறும். அடுத்த 100 மீட்டருக்கு இன்னொரு 230. பேடில் உலோகத் தூளையும் நாரையும் பிணைத்துப் பிடிப்பது ஒருவகைப் பிசின். 300 டிகிரியைத் தாண்டிப் போகப்போக அது சிதைந்து வாயு விடத் தொடங்குகிறது. பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே அந்த வாயு புகுந்து பிடிப்பைக் குறைக்கிறது. கால் எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழுக்கிக்கொண்டே போகும். டீசல் மிச்சமாகிறது என்று தொப்பூரில் நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்களைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. எஞ்சின் சுமக்க வேண்டிய பாரத்தையும் அவர்கள் இந்த இரண்டு இரும்புத் தட்டுகளின் தலையில் கட்டுகிறார்கள். எஞ்சினையே அணைத்துவிடுகிறவர்கள் இன்னும் மோசம். மிதிக்கு உதவும் வெற்றிட பூஸ்டர் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும்.

காலின் விசை சக்கரத்துக்குப் போவது பாஸ்கல் விதிப்படி. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்திலும் குறையாமல் பரவும். பெடலுக்கு முன்னால் 21 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன், சக்கரத்தில் 54 மில்லிமீட்டர் பிஸ்டன் என்றால் விசை ஆறரை மடங்குக்கு மேல் பெருகும். நடுவில் ஓடும் திரவத்தைக் கடைகளில் பிரேக் ஆயில் என்றே கேட்டு வாங்குகிறோம், ஆனால் அது எண்ணெய் இல்லை. காற்றிலிருக்கும் ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்ளும் திரவம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, நூற்றுக்கு 3.7 பங்கு நீர் சேர்ந்துவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழியை நசுக்க முடியும், பெடல் தரைவரை போகும், சக்கரத்துக்கு ஒன்றும் வந்து சேராது. மாமாவின் வண்டியில் அந்தத் திரவம் டீக்கடை டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. எப்போது மாற்றியது என்று அவருக்கு நினைவில்லை.

பிஸ்டனையும் பேட்களையும் தாங்கி டிஸ்கைக் கவ்வி நிற்கும் பாகம் காலிப்பர். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதற்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையம். பிஸ்டனைச் சுற்றி ஒரு காடியில் உட்கார்ந்திருக்கும். வெட்டிப் பார்த்தால் சதுரமாக இருக்கும். கசிவைத் தடுப்பது அதன் வெளிப்படையான வேலை. மிதித்ததும் பிஸ்டன் நகரும்போது இந்த வளையம் அதை விடாமல் பற்றிக்கொண்டு சற்றே கோணுகிறது. காலை எடுத்ததும் தன் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது. பேட் டிஸ்கை விட்டு விலகுவது அந்த இழுப்பினால்தான். வேறு ஸ்பிரிங் எதுவும் பிஸ்டனை இழுப்பதில்லை. பேட் தேய்ந்து பிஸ்டன் இன்னும் தூரம் போக வேண்டியிருந்தால் வளையத்தின் பிடி நழுவி, புதிய இடத்தில் மறுபடி பற்றிக்கொள்ளும். டிஸ்க் பிரேக்கை யாரும் முடுக்கிச் சரிசெய்ய வேண்டியதில்லை என்றால் இந்த வளையம் பார்த்துக்கொள்கிறது என்று பொருள். அது விடும் இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் வேலையைத் தொடங்கினோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, சட்டத்துக்கடியில் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் கை நீட்டக்கூடாது. பேடின் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பழைய பேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்த காலமும் உண்டு, எந்தத் தூசியும் நுரையீரலுக்கு நல்லதில்லை.

வலது சக்கரத்தைக் கழற்றியதும் டிஸ்கைத் தொடவில்லை. நட்டுகளைத் திரும்ப டிஸ்கின்மேல் இறுக்கி, டூல்ரூமிலிருந்து கேட்டு வாங்கி வந்த டயல் கேஜின் முனையை விளிம்பருகே வைத்து, கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் 0.17 மில்லிமீட்டர் போய்ப் போய் வந்தது. பொதுவாக 0.1-க்குள் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரால் எட்டு இடங்களில் தடிமன் பார்த்தேன். நேரெதிரான இரண்டு இடங்கள் 0.03 மில்லிமீட்டர் மெலிந்திருந்தன. பிறகு டிஸ்கைக் கழற்றி, இரண்டு துளை தள்ளிப் பொருத்தி மறுபடி அளந்தேன். டிஸ்க் வளைந்திருந்தால் மேடு டிஸ்கோடு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை. டிஸ்கும் சக்கரமும் பொருந்தி உட்காரும் நடுப்பாகமான ஹப்பின் எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே இருந்தது.

டிஸ்கைத் தூக்கிவிட்டு ஹப்பின் முகத்தை மாமாவுக்குக் காட்டினேன். இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே துரு மீன் செதில்போல அடுக்காக ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வந்தது. அதன்மேல்தான் புது டிஸ்கை உட்கார வைத்திருக்கிறார்கள். ஹப்பின் முகத்தைப்போல டிஸ்கின் விட்டம் இரண்டு மடங்கு என்றால், ஹப்பின் ஓரத்தில் 0.08 மில்லிமீட்டர் துரு விளிம்பில் 0.16 ஆட்டமாகிவிடும். தலைமயிர் ஒன்றின் தடிமனே 0.07 அளவுதான்.

இப்போது அந்த மூன்று மாதம் புரியும். டிஸ்க் சாய்ந்து சுற்றினாலும் முதலில் ஓட்டுநருக்கு எதுவும் தெரியாது, ஏனென்றால் காலிப்பர் தன் கம்பிகளில் வழுக்கி டிஸ்கோடு சேர்ந்து ஆடிக்கொள்ளும். ஆனால் பிரேக் போடாமல் ஓடும்போது, ரப்பர் வளையம் விட்ட அந்த மெல்லிய இடைவெளி இந்த ஆட்டத்துக்குப் போதாது. ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்கின் ஒரு மேடு வெளிப் பேடை உரசும். அதற்கு நேரெதிர்ப் புறம் உள் பேடை உரசும். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்து முறை சுற்றுகிறது. ஒசூருக்கும் சேலத்துக்குமாக இலட்சக்கணக்கான உரசல்கள், எல்லாம் அதே இரண்டு இடங்களில். அந்த இடங்கள் மட்டும் மெலிகின்றன. அதன்பிறகு பிரேக் போட்டால், மெலிந்த இடம் வரும்போது பிடி தளரும், தடித்த இடம் வரும்போது இறுகும். நொடிக்குப் பலமுறை இப்படித் தளர்ந்து இறுகுவதுதான் ஸ்டீயரிங்கில் நடுக்கமாக வந்து சேர்கிறது. மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு வித்தியாசமே கைக்குத் தெரியக்கூடும். டிஸ்க் போலி என்று கடைக்காரரைத் திட்டியதில் நியாயமே இல்லை. கம்பி பிரஷ் ஒன்றும் கால் மணி நேரமும் செலவழிக்காததற்கு மாமா இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு அதில் கோபம் உண்டு.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உள் பேட் 4 மில்லிமீட்டர், வெளிப் பேட் 8. காலிப்பர் வழுக்கும் கம்பிகளில் கீழ்க்கம்பி துருப்பிடித்து இறுகியிருந்தது. பிஸ்டன் இருக்கும் பக்கத்துப் பேடே பாதிக்கு மேல் வேலையைச் சுமந்திருக்கிறது.

மெலிந்த டிஸ்கை லேத்தில் கொடுத்துச் சமன் செய்திருக்கலாம். அதன் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகாதவரை தவறில்லை. மாமாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஜே.சி. ரோட்டில் டிஸ்கும் பேடும் ஜோடியாக வாங்கி வந்தோம். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் போல்ட்டின் அடிவரை தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரியும்படி செய்தோம். புது டிஸ்கில் துருவுக்காகப் பூசியிருந்த எண்ணெயைக் கழுவித் துடைத்தோம். வைத்து அளந்தால் 0.04.

காலிப்பரை ஹோஸில் தொங்க விடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டியிருந்தோம். பிஸ்டனை உள்ளே அழுத்தும்போது காற்றெடுக்கும் திருகைத் திறந்துவிட்டேன். கறுத்த திரவம் மேலே திரும்பிப் போகாமல் குழாய் வழியாகப் புட்டியில் இறங்கியது. பிறகு டாட் 4 வகைத் திரவம் ஊற்றி, குழாய்களில் சிக்கிய காற்றை நான்கு சக்கரத்திலும் வெளியேற்றினோம். கம்பிகளுக்குச் சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் அங்குள்ள ரப்பர் ஊதிப்போய் கம்பி மறுபடி சிக்கிக்கொள்ளும். சக்கர நட்டுகளை எதிரெதிராக, ஒரே அளவில், கையால் இறுக்கினோம். காற்றுத் துப்பாக்கியால் ஒன்றை மட்டும் அதிகமாக முடுக்கினால் துரு இல்லாமலே டிஸ்க் சாயும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். முதல் மிதி தரைவரை போகும், ஏனென்றால் பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. இதை மறந்து கியர் போட்டால் எதிர்ச்சுவர்தான் நிறுத்தும்.

மறுநாள் விடியலில், வீடுகள் எழும்பாத ஒரு புது லேஅவுட்டின் காலிச் சாலையில், 50-இலிருந்து 15 வரை வேகத்தை நிதானமாகக் குறைத்து, உடனே மறுபடி ஏற்றி, இப்படிப் பத்துமுறை ஓட்டினோம். பேடின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்கில் சீராகப் படிவதற்காக இது. இடையில் எங்கும் முழுதாக நிறுத்தவில்லை. சூடான டிஸ்கில் பேடை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் மட்டும் திட்டாகப் படிந்து அதுவே நடுக்கமாகலாம். பிறகு பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விட்டோம். டிஸ்கின் முகம் முழுவதும் ஒரே சாம்பல் நீலமாக மாறியிருந்தது.

நான்கு மாதம் கழித்து, மாமா தடுத்தும் கேட்காமல், சக்கரத்தைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்தேன். எட்டு இடத்திலும் தடிமன் 0.01 மில்லிமீட்டருக்குள் ஒன்றாகவே இருந்தது.